மருதமரத்து உச்சி வரி

"எல்லாரும் எழுதலாமாம். நாம எழுதினது மட்டும் மறுநாளே காணாமப் போயிடுது" என்று முயல் தன் தங்கையிடம் சொன்னது, குளத்தருகே நின்ற மருதமரத்தின் கிளையில் இருந்த மரங்கொத்தியின் காதில் விழுந்தது. அதற்குச் சுருக்கென்றது. யார் எதைச் சொன்னாலும் அந்த மருதமரத்தில் கொத்தி எழுதுவதும், மரத்துக்குச் சொந்தக்காரனான உடும்பு சொன்னால் செதுக்கி அழிப்பதும் அதன் வேலைதான். 'குளத்து வடகரையில் வேடன் கண்ணி இருக்கிறது' என்ற முயலின் வரியை நேற்று அழித்ததும் அதுவேதான்.

யாரிடமும் அதிர்ந்து பேசாத மரங்கொத்தி நேராக உடும்பிடம் போனது.

"அண்ணே, முயல் எழுதினது உண்மைதானே? ஏன் அழிக்கச் சொன்னீங்க?"

"கண்ணின்னு படிச்சா இந்தப் பக்கம் யாரும்மா வருவா? மயில் தோகையைப் பத்தி எழுதினதைப் பாரு, பிடிச்சிருக்குன்னு இருநூறு பேர் நகக்கீறல் போட்டிருக்காங்க. அதை மேலே ஏத்து."

"குட்டிங்க அங்கதானே தண்ணி குடிக்குது? உச்சியில 'இது உங்கள் மரம்'னு வேற எழுதி வெச்சிருக்கோமே!"

"அது சும்மா அழகுக்கு. போம்மா, போய் வேலையைப் பாரு."

மரங்கொத்தி உச்சிக்குப் பறந்தது. 'இது உங்கள் மரம்' என்பதை ஓர் எழுத்து விடாமல் செதுக்கித் தள்ளியது. அந்த இடத்தில், குளக்கரையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக, 'வடகரையில் கண்ணி இருக்கிறது' என்று கொத்தியது.