படம் மறைக்குது

“என்னைக்காவது எங்ககூட உட்கார்ந்து ஒரு படம் பார்த்திருக்கீங்களாக்கா?”

போன வாரம் பத்திரிகை அலுவலகத்தின் முன்னால் கூடிக் கோஷம் போட்ட ரசிகர்களில் ஒரு பெண், கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில் விமர்சகியிடம் கேட்ட கேள்வி அது. ‘சிறகரசன்’ படத்தின் ஆறாம் பாகத்துக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்ததற்காகத் திரண்டு வந்த கூட்டம்.

அந்தக் கேள்வி விமர்சகி கூடவே வீட்டுக்கு வந்தது. நேற்று மாலை டிக்கெட் வாங்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்கார்ந்தார்.

இன்று காலை அவர் எழுதிய இரண்டாவது விமர்சனம் ஆசிரியரின் மேஜைமேல் கிடந்தது. ஐந்து நட்சத்திரம்.

“கதவைச் சாத்திட்டு உட்காருங்கம்மா,” என்றார் ஆசிரியர். காபி ஆறி ஆடை படிந்திருந்தது. அவர் தொடவே இல்லை.

“மாத்தி எழுதலைன்னா சினிமாப் பத்தியை வேற ஆள்கிட்ட கொடுத்துடலாம்னார் முதலாளி. ‘அந்தம்மா பேனா வளையாது’ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிட்டு வந்தேன். இப்படி என் மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்களே!”

“வளையலை சார். பார்த்ததை...” என்று தொடங்கிய விமர்சகி நிறுத்தினார். “நடந்ததை எழுதியிருக்கேன். முழுசாப் படிச்சீங்களா?”

“பறவை பிரியற காட்சி வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல தொண்டையில இறங்கலை.”

ஆசிரியர் பழைய இதழை எடுத்துப் பிரித்தார். “நீங்க எழுதினதுதான், கேளுங்க. ‘ராட்சதப் பறவை தன்னை வளர்த்த சிறுமியை விட்டுப் பறந்து போகிறது. சிறகடிப்பு ஈரத் துணியை உதறுவதுபோல் இருக்கிறது. சிறுமி அழவில்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள்.’ அன்னைக்கு உங்க பக்கத்துலதான் நானும் உட்கார்ந்திருந்தேன். சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. இப்ப என்னடான்னா, ‘சிறகடித்த காற்று என் முகத்தில் பட்டது, புல்லரித்துப் போனேன்’ங்கறீங்க. இதுல எது பொய்?”

“ரெண்டும் நிஜம் சார்.”

“அதெப்படி? படம் ஒண்ணுதானே?”

“நாம எங்க பார்த்தோம்? ப்ரிவியூ அறையில. ஆளுக்கு ஒரு நாற்காலி தள்ளித்தள்ளி உட்கார்ந்து. இருமல் வந்தாக்கூட வெளியே போய் இருமிட்டு வருவோம். பரீட்சை ஹால் மாதிரி.”

“அதனால? கூட்டத்துல உட்கார்ந்தா ஈரத் துணி சிறகாயிடுமா?”

“ஆயிடுச்சு சார்.” விமர்சகியின் குரல் தணிந்தது. ஏதோ தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல் பேசினார். “இடைவேளை வரைக்கும் எனக்கும் கொட்டாவிதான். அப்புறம்... அந்தப் பிள்ளை ‘போகாதே’ன்னு சொன்னப்போ, குரல் என் தோள்கிட்டேர்ந்து வந்துச்சு.”

“அந்தத் தியேட்டர்லயா? ஸ்பீக்கர் ஓட்டைத் தகரம் மாதிரி இரையுமே!”

“நேத்து இரையலை.”

“முகத்துல பட்ட காத்து? ஏ.சி.யைத்தானே சொல்றீங்க?”

“ஏ.சி. ஓடலை. எல்லாருக்கும் வேர்த்து ஊத்துச்சு. ஆனா அந்தச் சிறகு கிளம்பினப்போ என் தலைமுடி பறந்துச்சு சார். நான் இத்தனை வருஷமா என்னத்தைப் பார்த்தேன்னு இருந்துச்சு.”

“படக் கம்பெனிக்காரங்க உங்க வீட்டுக்குப் பூங்கொத்து ஏதாவது அனுப்பினாங்களா?”

விமர்சகி சிரித்துவிட்டார். ஆசிரியர் சிரிக்கவில்லை.

“பயந்துட்டீங்கன்னா சொல்லிடுங்கம்மா. வாசல்ல அத்தனை பேர் நின்னு கத்தினா யாருக்கும் குலை நடுங்கத்தான் செய்யும். ஆனா இதை அச்சுக்கு அனுப்ப மாட்டேன். பத்தி போனாப் போகட்டும், உங்க பேராவது மிஞ்சும்.”

“நான் எழுதினதிலேயே நிஜமானது இதுதான் சார். வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. மிச்சத்தையும் படிங்க.”

“முடியாதும்மா.”

அப்போது கதவு தட்டப்பட்டது. பதிலுக்குக் காத்திராமல், வியர்வையில் சட்டை ஒட்டிய ஒருவர் உள்ளே நுழைந்தார். நேற்று விமர்சகி படம் பார்த்த தியேட்டரின் மேனேஜர். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் கலவரம்.

“அம்மா, நேத்து நீங்க யாருன்னு தெரியாமப் போச்சு. எதையாவது எழுதி எங்களைக் கவுத்துடாதீங்க. இடைவேளை முடிஞ்சு உட்கார்ந்ததும் கரன்ட் போனது எங்க கையில இல்லை. அந்தப் பாழாப்போன ஜெனரேட்டரும் காலை வாரிடுச்சு.”

ஆசிரியர் நிமிர்ந்தார். “கரன்ட் போச்சா? அப்புறம் எப்ப வந்துச்சு?”

“எங்க சார் வந்துச்சு? காட்சி நேரம் முடியற வரைக்கும் கும்மிருட்டு.”

“அப்போ மீதிப் படம்?”

“அவங்களே ஓட்டிட்டாங்க சார்! இருட்டுல ஆளுக்கொரு வசனமாப் பேசி, பறவை மாதிரி கூவி, அழுது... சட்டை, துப்பட்டான்னு கையில கிடைச்சதையெல்லாம் சுழட்டி, அப்பா, என்னா காத்து! காசைத் திருப்பித் தர்றேன்னு சொல்லத்தான் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டுத் திரைக்கு முன்னாடி போய் நின்னேன். ‘யோவ், தள்ளி நில்லுய்யா, படம் மறைக்குது!’ன்னு ஒரு சத்தம்.” மேனேஜர் தயங்கி விமர்சகியைப் பார்த்தார். “முதல்ல கத்தினதே இந்த அம்மாதான் சார்.”

ஆசிரியர் மேஜைமேல் இருந்த விமர்சனத் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அச்சுக்கூடத்தை நோக்கி நடந்தார்.