பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது

"என்னங்க, விசாரிக்க வந்த மனுசன் நம்ம தெருவுல எல்லா வீட்டுலயும் ஏறி இறங்கிட்டாராம். இப்பத்தான் பஸ் ஸ்டாப்புப் பக்கம் போறாராம். கடைசி வீட்டு சினேகா போன்ல சொல்லுது."

மனைவி ஞானமணி இதைச் சொன்னதும், சேசுராஜ் காபித் தம்ளரைப் பாதியிலேயே கீழே வைத்தார்.

வந்திருப்பவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், சிங்கம்புணரிக்காரர். மகள் பெல்சியை மாப்பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. குடும்பம் எப்படி என்று தெருவில் நாலு பேரிடம் கேட்ட பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. போன வருஷம் வந்த இடமும் இப்படித்தான் விசாரித்துவிட்டுப் போனது. அப்புறம் ஒரு போன்கூட இல்லை. பெல்சி வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

அந்த இடம் தட்டிப்போனதற்குத் தன் வாய்தான் காரணம் என்பதில் சேசுராஜுக்குச் சந்தேகமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் அவர். விசில் இல்லாமலேயே தெருக்கோடி வரை கேட்கிற குரல். இந்தத் தெருவில் அவர் சண்டை போடாத வீட்டை எண்ணப்போனால் ஒரு விரல்கூட மடங்காது.

"இந்தத் தடவையும் கெடுத்துருப்பாக ஞானமணி. அந்த ஈஸ்வரன் ஒருத்தர் போதும்."

"சும்மா மனசைப் போட்டு உழப்பாதீக. ஆமா, அந்த ஊதாக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு எங்குட்டுக் கிளம்புறீக?"

"பால் வாங்க."

"வீட்டுல பால் இருக்கே?"

"தயிருக்கு."

"என்னமோ செய்ங்க. அந்த மனுசன்கிட்ட மட்டும் போயி வாயைக் குடுத்துறாதீக!"

பஸ் ஸ்டாப்பில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மட்டும் மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். சேசுராஜை அவர் பார்த்ததில்லை. போட்டோவில் பெல்சியை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அந்தத் தைரியத்தில் சேசுராஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"யாரு வீட்டுக்கு வந்தீக?"

"சேசுராஜ் வாத்தியாரைப் பத்தி விசாரிக்க வந்தேன். ஒரு சம்பந்த விசயம். நீங்க இந்தத் தெருவா?"

"வாத்தியாருக்குப் பக்கத்து வீடு" என்றார் சேசுராஜ். சொன்ன கையோடு மாதாவிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப நல்லாத் தெரிஞ்சிருக்குமே. எப்படி ஆளு?"

புகழ வேண்டும் என்றுதான் வந்தார். ஆனால் தெரு ஏற்கெனவே எல்லாவற்றையும் ஊதியிருக்குமே! முதலில் அதையல்லவா துடைக்க வேண்டும்?

"முருங்கை மரத்தை வெட்டுனார்னு சொல்லிருப்பாக. அதைப் பெருசா எடுத்துக்காதீக. நாச்சியார் வீட்டு மரம்தான், அவுகளைக் கேக்காமத்தான் வெட்டுனார். கம்பளிப்பூச்சி வீட்டுக்குள்ள ஏறுனா மனுசன் என்னதான் செய்வார்?"

"கேக்காமயா?"

ஒன்றுமே தெரியாதவர் மாதிரி கேட்கிறாரே, கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டார் சேசுராஜ்.

"பிள்ளைக பந்து உள்ள விழுந்தா பிடுங்கி வச்சுக்குவார்னும் சொல்லிருப்பாக. திருப்பித் தந்துருவார்ங்க. கொஞ்சம் ஆறப் போட்டுத் தருவார்."

"ம்."

"ஈஸ்வரன் சாக்கடைத் தண்ணிச் சண்டையைச் சொல்லாம விட்டிருப்பாரா? வாத்தியார் கையை ஓங்குனது நெசம், ஆனா அடிக்கல. கோயில் திருவிழாவுல கோவிச்சுக்கிட்டு, சப்பரத்தைப் பாதி வழியில விட்டுட்டுப் போனதும் நெசந்தான். ஃபாதரே வந்து சமாதானம் பண்ணிட்டார். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார். வாய்தான் சரியில்ல."

வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பஸ் வந்து நின்றது.

"உங்களைப் பாத்தது நல்லதாப் போச்சு. ஆளைத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

நல்லதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது பஸ் போன பிறகுதான் சேசுராஜுக்கு உறைத்தது. தயிருக்குப் பால் வாங்கவும் மறந்து வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சோறு இறங்கவில்லை. மதுரையிலிருந்து பெல்சி கூப்பிட்டபோது, போனை வாங்கிப் பேச அவருக்கு முகம் இல்லை. தன் மகள் வாழ்க்கையைத் தானே கெடுத்துவிட்டோமே என்று குமைந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் சமையலறையில் ஞானமணியின் போன் அடித்தது. "ம்... ம்... அப்படியா..." என்பது மட்டும்தான் இங்கே கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க! சம்மதமாம்! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பேசி முடிக்க வாராகளாம்!"

அவர் கண்ணைத் திறந்தார். "தெருவுல... யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாமயா? பூச்சி அண்டுன மரத்தை வெட்டி விட்டுப் பிள்ளைகளைக் காப்பாத்துனதே வாத்தியார்தான்னு நாச்சியார் சொன்னாகளாம். ஈஸ்வரன் அண்ணேகூட, 'எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஆனா எனக்கு ஒண்ணுன்னா முதல்ல ஓடி வாரவர் அவராத்தான் இருக்கும்'னு சொன்னாராம்."

சேசுராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தெருவையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம்!

"ஒரே ஒரு கண்டிசன் போடுறாக" என்றாள் ஞானமணி. "தெருவுல ஒரே ஒரு ஆள் மட்டும் உங்களைப் பத்தி இல்லாததும் பொல்லாததுமாச் சொன்னானாம். பக்கத்து வீட்டுக்காரனாம், உங்க மேல அம்புட்டுப் பொறாமையாம். கல்யாணத்துக்கு அவனை மட்டும் கூப்பிடவே கூடாதாம். யாருங்க அது? பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தானாம். நரைச்ச மீசையாம், ஊதாக் கட்டம் போட்ட..."

ஞானமணியின் பார்வை அவர் சட்டையில் வந்து நின்றது.