கண் நின்ற இடம்

வீடியோ கலைஞர் தாட்சாயணி எங்கள் குடியிருப்பில் எல்லோர் கண்ணிலும் பார்ப்பதைப் படம் பிடிக்கும் லென்ஸ் மாட்டிவிட்டார். ஒரு நாளில் அவரவர் கண் அதிக நேரம் எதில் நின்றதோ, அதுதான் படம். குடியிருப்போர் கூட்டத்தில் அப்படித்தான் வேண்டுமென்று சண்டை போட்டவள் நான். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் எதிர்வீட்டு ரெஜினாவைப் பார்ப்பதை எல்லோரும் பார்க்கட்டும்!

ஞாயிறு மாலை சுவரில் திரையிட்டார்கள். ஏகாம்பரத்தின் படத்தில் ரோடு, ஆட்டோ மீட்டர், மறுபடி ரோடு. ரெஜினா இல்லை. வேண்டுமென்றே குனிந்து போயிருக்கிறார், மனுஷன்.

அடுத்தது என்னுடையது. ரெஜினாவின் ஜன்னல். ரெஜினாவின் மல்லிப்பூ. கொடியில் ரெஜினாவின் புதுச் சேலை. முன்வரிசையிலிருந்த ரெஜினா திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஏகாம்பரம் மெதுவாகக் கேட்டார்: "மதியம் உன் கையாலதானே சோறு துன்னேன்? இதுல நான் எங்கமே?"