குடும்பத்துக்கு ஒரு நம்பர்

அதிகாரி மேஜைமேல் வைத்தது ஒரு டிரோனின் உடைந்த கை.

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. விசிறி பாதியில் முறிந்திருந்தது. கையின்மேல் சிவப்பு ஸ்டிக்கரில் ஓர் எண்.

கடைக்காரர் வெட்டிக்கொண்டிருந்த தாளிலிருந்து கத்தியை எடுத்தார். நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டும்போது அவர் யாரிடமும் பேசமாட்டார். போனையும் எடுக்கமாட்டார். ஒரு கோடு பிசகினால் தாள் வீண்.

காலையிலிருந்தே அவருடைய போன் மேஜைமேல் கிடந்த ஸ்டிக்கர் தாள்களுக்கு அடியில் எங்கேயோ அதிர்ந்து அதிர்ந்து அடங்கிக்கொண்டிருந்தது. பிளேட் ரெடியா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

"இது உங்க நம்பர்தானே சார்?"

"என் நம்பர்தான்."

"மிஷினு?"

அவர் அண்ணாந்து பார்த்தார். அவருடைய டிரோன் தலைக்குமேல் பரணில், நான்கு கைகளோடு முழுசாக உட்கார்ந்திருந்தது. அதிலும் அதே எண். கறுப்பில்.

அதிகாரியும் பரணைப் பார்த்தார்.

"ஒண்ணு மேல இருக்கு, ஒண்ணு இங்க இருக்கு. ரெண்டுலயும் ஒரே நம்பர். அப்ப ரெண்டும் உங்களுதுதானே?"

சட்டப்படி அப்படித்தான். எண் ஆளுக்கு, மிஷினுக்கு அல்ல. ஒருவர் எத்தனை டிரோன் வைத்திருந்தாலும் ஒரே எண்தான்.

அந்த எண்ணை வாங்க வைத்தவள் மகள். சட்டம் வந்ததும், வேலை பார்க்கும் ஊரிலிருந்து கூப்பிட்டாள். "நம்பர் வாங்காம அதை மேல ஏத்தினா, நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்பா."

மறுநாளே வாங்கினார். அவளுக்குப் பயந்து மட்டுமல்ல. வாழ்நாள் முழுக்க நம்பர் பிளேட் செய்தவர். எண் ஒட்டிய வண்டி கொஞ்சமாவது பயந்து ஓடும் என்று நம்பினார்.

மனைவியின் தம்பி நம்பவில்லை. லீவு நாளில் மைதானத்தில் எல்லோரும் மர உயரத்தில் விட்டால், அவன் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் விடுவான். அண்ணாந்து பார்ப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பான்.

"காத்தாடிக்கெல்லாம் யாராவது கவர்மெண்டுல பேர் குடுப்பாங்களா மாமா? சரி விடுங்க, உங்க நம்பரையே ஒட்டிக்கிறேன். மருமகளுக்கு நானும் நல்ல பிள்ளை ஆயிடுவேன். குடும்பத்துக்கு ஒரு நம்பர் போதும்."

சிவப்பில் வேண்டும் என்றான். இவர்தான் வெட்டிக் கொடுத்தார். எண்ணே இல்லாமல் பறப்பதற்கு இது தேவலை என்று பட்டது.

இன்று லீவு நாள். அவன் இன்னும் கடைப்பக்கம் வரவில்லை.

அதிகாரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

"முன்னாடியெல்லாம் உடைஞ்ச துண்டைக் கையில வச்சிக்கிட்டு மாசக்கணக்கா அலைவோம் சார். இப்ப பாருங்க. விடியக்காலைல விழுந்துச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள ஆள் முன்னாடி வந்து உட்கார்ந்துட்டேன்."

எதன்மேல் விழுந்தது என்று மட்டும் சொல்லவில்லை. முதலில் ஒப்புக்கொள்ள வைப்பார். பிறகுதான் சொல்வார். அது அவருடைய வழக்கம்.

கடைக்காரர் மனதுக்குள் ஊகித்துப் பார்த்தார். யார் வீட்டுக் கூரையாவது இருக்கும். இல்லையென்றால் ஒரு காரின் கண்ணாடி. அபராதத்தோடு போய்விடும். ஆனால் மைத்துனன்மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறது. இன்னொன்று வந்தால் லைசென்ஸ் போகும். ஓட்டுகிற ஸ்கூல் வேனும் போகும். மனைவி இந்த ஜென்மத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

மகளும்தான். அவளைச் சின்ன வயதில் தோளில் உட்கார வைத்துக்கொண்டு காத்தாடி விட்டவன் அவன். அவள் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்ததே அந்தத் தோளில்தான்.

"என்னுதுதான் சார்," என்றார். "காலைல நான்தான் விட்டேன்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"என்னுதுதான்."

அதிகாரி எழுந்தார். அதுவரை வாசலில் நின்ற பெண் காவலரை உள்ளே வரச் சொன்னார். பேச்சில் இருந்த 'சார்' காணாமல் போனது.

"நல்லா விட்டய்யா. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர். முன்கண்ணாடியை உடைச்சிக்கிட்டு உள்ள போயிருக்கு."

கடைக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எந்த ஹெலிகாப்டர்?"

"ஏன், பார்த்துப் பார்த்துத்தான் இடிப்பியா?"

"ஓட்டினது யாரு? சார், ஓட்டினது யாரு?"

அதிகாரி அவரைப் பொருட்படுத்தவில்லை. பெண் காவலரிடம் திரும்பினார்.

"அவங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

"காலைலேர்ந்து அடிச்சிக்கிட்டே இருக்கேன் சார். அந்தப் பொண்ணு வேலைல சேரும்போது அவங்க அப்பா நம்பர் ஒண்ணுதான் குடுத்திருக்கு. மனுஷன் எடுக்கவே மாட்டேங்கிறார்."

"இன்னொரு தடவை அடிம்மா. பாவம்."

பெண் காவலர் எண்ணை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

மேஜைமேல், சிவப்புத் தாளின் ஓரம் நடுங்கத் தொடங்கியது.