டீசல் கேன்

"இனிமே கேனைத் தூக்கிட்டு லாரிக்கடியில பதுங்குற வேலை நடக்காதுல்ல?" என்றார் முதலாளி.

டிரைவர் ஒர்க் ஷாப்பில் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் வேலை. டீசல் டேங்க்கைக் கழற்றி, என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் வைத்து, கேஸ் சிலிண்டர்களைப் பூட்டி முடித்திருந்தார் மெக்கானிக். லாரியின் முதுகில் 'சுத்தமான காற்று, நம் பிள்ளைகளுக்காக' என்று எழுதச் சொன்னவர் முதலாளிதான். ஊருக்கும் மனைவிக்கும் அவர் சொன்ன காரணம் அது.

நிஜக் காரணம், அந்தக் கேன். லாரியிலிருந்து டிரைவர் டீசல் இறக்கியதைத் தன் ரெண்டு கண்ணாலும் பார்த்திருந்தார். ஒரு திருட்டை நிறுத்த என்ஜினையே மாற்றிய மகா புத்திசாலி தான் ஒருவன்தான் என்று ஒரே பூரிப்பு.

"பன்னெண்டு வருஷமா உங்ககிட்ட..."

"பன்னெண்டு வருஷத்துல எத்தனை கேனோ! மாசக் கடைசியோட நின்னுக்கோ."

"சின்னவ இப்பதான் காலேஜ்ல சேர்ந்திருக்கா, முதலாளி."

"கேனைத் தூக்கும்போது அந்த நெனைப்பு வந்திருக்கணும்."

"பழைய ஆளு, விடுங்க சார்," என்றார் மெக்கானிக்.

"நம்ம காரும் டீசல்தான்யா. டீசல் காட்டுற முள் வேலை செய்யாம வருஷக்கணக்காச்சு. பங்க் பக்கம் எப்பவாவதுதான் போவேன். ஓட்டுற கை அப்படி! இவங்களுக்கு மட்டும் எப்படித் தீருதாம்?"

சொல்லிவிட்டு, காரில் கம்பீரமாகக் கிளம்பினார்.

பாலத்து ஏற்றத்தில் கார் ரெண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். மனைவிக்குப் போன் போட்டார்.

"டீசல் தீர்ந்திருக்கும்," என்றாள்.

"நம்ம கார்லயா?"

"பின்னே, தண்ணியிலயா ஓடுது? அன்னைக்கு நடுரோட்ல வண்டி நின்னு, பிரஷர் ஏறி மயங்கி விழுந்தீங்களே! அதுலேருந்து நான்தான் டிரைவரண்ணன்கிட்ட சொல்லி, லாரியிலேருந்து எடுத்து ஊத்தச் சொல்வேன். இப்ப லாரி கேஸுக்கு மாறிடுச்சே, எங்க போறது? இருங்க, அவரையே வரச் சொல்றேன்."

முதலாளி போனை வைத்தார். தன் டீசலைத் தானே குடித்துவிட்டு, திருடனைப் பிடிக்க என்ஜினையும் மாற்றியாயிற்று!

பழைய தடதடப்பே இல்லாமல் கேஸ் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். கையில் அதே கேன்.

"பங்க்ல வாங்கினது, முதலாளி."

குனிந்து ஊற்ற ஆரம்பித்தார். முதலாளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நின்னுக்கோன்னு சொன்னதை மறந்துடுய்யா. நான் ஒரு மடையன். அவ்வளவு பேசினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

டிரைவர் நிதானமாக மூடியைத் திருகினார்.

"மெக்கானிக் எதிர்ல உங்க கையைப் பத்தி அவ்வளவு பெருமையா பேசிட்டிருந்தீங்க. எப்படி முதலாளி சொல்றது?"