ஆறரை மணி வசவு

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினாராம்! ஒரு நாளாவது நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பாரா? இறங்கி நடந்தவன்தான் முதல்ல போயிருப்பான்!"

மூன்றாவது மாடியில் மருமகள் போட்ட சத்தம், கீழே பால் பாக்கெட் எடுக்க வந்த குடியிருப்புச் செக்ரட்டரியின் காதில் கணீரென்று விழுந்தது.

"இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிச்சா நான் மனுஷனே இல்ல!" இது மாமனார்.

கதவு படீரென்று சாத்திக்கொண்டது. பெரியவர் தடதடவென்று படியிறங்கி, செக்ரட்டரியை இடிக்காத குறையாகத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி விறுவிறுவென்று நடந்தார். பத்தடி பின்னால் வாட்ச்மேன், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

இதைப் பற்றி ஏற்கெனவே நாலு புகார். செக்ரட்டரி மாடியேறினார்.

"ஏம்மா, மனசாட்சியே இல்லையா? அல்சைமர் வந்த மனுஷனைத் தினமும் இப்படியா கரிச்சுக் கொட்டுறது?"

"உட்காருங்க சார். மைட்டோகாண்ட்ரியா தெரியுமா?"

"எந்த ஃபிளாட்டுக்குக் குடி வந்திருக்காங்க?"

"எல்லார் உடம்புலயும்தான் சார். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டி குட்டி ஜெனரேட்டர் மாதிரி. சாப்பாட்டைத் தெம்பா மாத்திக் கொடுக்கும்."

"ஆங்... ஸ்கூல்ல படிச்சேன். மறந்துட்டேன்."

"இந்த நோயில மூளைக்குள்ள அதுங்க சோர்ந்து போயிடுதாம். அதைச் சரிபண்ண மருந்து தேடிக்கிட்டு இருக்காங்க, இன்னும் கைக்கு வரலை. இப்போதைக்கு தினமும் வேகமா நடந்தா அதுங்களுக்குக் கொஞ்சம் உசுரு வரலாம்னு டாக்டர் சொன்னாரு. நோய் போயிடாது. கொஞ்சம் மெதுவா முத்தலாம்."

"அன்பா நடக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாமலா? 'நான் டிரைவர், நடக்கிறதுக்கு வேற ஆளைப் பாரு'ன்னு சோபாவுல சாஞ்சுக்குவாரு. கோபம் வந்தாத்தான் வண்டி கிளம்புது. நாலு ரவுண்டு, நிக்காம. வழி தவறிடாம பின்னாலயே போகச் சொல்லி வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

கதவு திறந்தது. வியர்க்க வியர்க்கப் பெரியவர், முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, வாங்க சார்! என்னம்மா, சாருக்கு டீ கொடுத்தியா? எனக்கும் ஒண்ணு. பசி கொல்லுது."

சண்டை போட்ட சுவடே இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

செக்ரட்டரி குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் சரிம்மா. ஆனா அவர் தொழிலையே இழுத்து, எங்க அடிச்சா வலிக்கும்னு தேடிப் பார்த்து அடிக்கிறியே. அதெப்படி மனசு வருது உனக்கு?"

அவள் சமையலறை அலமாரியைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நோயின் பெயரை டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் எழுதியது. கோணல்மாணலான டிரைவர் கையெழுத்து.

'மருமகளுக்கு. நான் நடக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா சொல்ல வேண்டியவை. ஒண்ணு: பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டாதவன். ரெண்டு: ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன். மூணு: கண்டக்டர் தயவுல காலம் தள்ளினவன் (இது ரொம்பச் சுடும், அவசரத்துக்கு மட்டும்). என் பையனுக்குத் திட்ட வராது, அழுதுடுவான். நீதான் இதுக்குச் சரி. திட்டிட்டு வருத்தப்படாதேம்மா, எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.'