ஆர்லோவின் கோடு

"என் பேர் ஆர்லோ டட்டில். வயசு முப்பத்தொண்ணு. மொன்டானா, ஸ்டில்சன் க்ரீக்லருந்து பேசறேன். தோட்டாக் கூடு அமுக்கற உங்க கம்பெனி டை ஒண்ணு தேஞ்சு போச்சு, தபால்ல போட்டுட்டேன். புதுசு அனுப்புங்க. கொஞ்சம் அவசரம்."

கம்பெனியின் பதிவு இயந்திரத்திடம் இவ்வளவும் சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தான் ஆர்லோ. அவசரம் என்று சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.

ஊரில் பாதிரியாரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

பாதிரியார் என்பது ஓர் எல்க் மான். ஞாயிறு தவறாமல் சர்ச் புல்வெளியில் நீண்ட முகத்தோடு வந்து நிற்கும். பிரசங்கம் முடிவதற்குள் கல்லறைப் பூக்களையெல்லாம் மேய்ந்துவிடும். உள்ளே இருக்கும் பாதிரியாரைவிட வெளியே நிற்பவருக்குத்தான் கூட்டம் அதிகம். வேட்டைப் பருவம் தொடங்கும் முன்பே யாரோ ஒரு விடியற்காலையில் அதைச் சுட்டு, தொடைக்கறியை மட்டும் அறுத்துக்கொண்டு போயிருந்தான். மாட்டினால் துப்பாக்கி போகும், வண்டி போகும், வேட்டை உரிமம் ஆயுளுக்கும் போகும். ஊர்க்காரர்கள் கையில் முதலில் மாட்டினால் இன்னும் என்னென்ன போகும் என்று சொல்ல முடியாது.

ஆர்லோவின் புது வண்டிக் கதவைப் பாதிரியார் கொம்பால் கிழித்தது போன மாதம்தான். "அதோட கறியை அரைச்சு சாசேஜ் போட்டுத் தின்னாம விடமாட்டேன்" என்று அவன் காப்பிக் கடையில் சபதம் போட்டதைக் கேட்காத காது ஊரில் இல்லை.

இது போதாதென்று அந்தக் கோடு வேறு.

கடையில் தோட்டா வாங்குகிறவனை அந்த ஊரில் சோம்பேறி என்பார்கள். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, டை என்கிற எஃகுக் குழாய்க்குள் விட்டு அமுக்கினால் உப்பியது பழைய அளவுக்கு வந்துவிடும். மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்ளலாம். ஆர்லோ துடைக்காமல் விட்ட மண்துகள் ஒன்று அவனுடைய டையின் உட்புறத்தைக் கீறிவிட்டது. அதிலிருந்து அவனுடைய ஒவ்வொரு கூட்டிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. சுடும் மைதானத்தில் கிடக்கும் கூட்டைப் பார்த்து, இது ஆர்லோவுடையது என்று குழந்தைகூடச் சொல்லும்.

அன்று காலை பக்கத்து வீட்டு குர்ட்தான் வேலி தாண்டி ஓடிவந்திருந்தான்.

"பாதிரியார் விழுந்த எடத்துல வேட்டைக் காவலர் கோரின் ஒரு கூடு எடுத்திருக்காளாம்டா. அதுல கோடு இருக்காம்."

ஆர்லோ மேஜையிலிருந்த ஒரு கூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கோடு இருந்தது.

"எத்தனை தடவை சொன்னேன், டையைத் தொடச்சு வைடான்னு? என்னோடதைப் பாரு, கண்ணாடி. உன்னோடதுல எலி குடும்பம் நடத்துது" என்று அந்த நேரத்திலும் குத்திக்காட்டினான் குர்ட். ஆனால் வழியும் அவன்தான் சொன்னான். அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. தேய்ந்த சாமானை யார் அனுப்பினாலும், குப்பையில் பொறுக்கியதாகவே இருந்தாலும், ஒரு கேள்வி கேட்காமல் புதிது அனுப்பிவிடுவார்கள். டை அன்றே தபாலில் போனது. வீட்டிலும் மைதானத்திலும் கிடந்த கோடு விழுந்த கூடுகளை ஒன்று விடாமல் வாளியில் அள்ளி, குர்ட்டின் படகில் போய் ஏரியின் நடுவில் கொட்டினார்கள். கவலையில் இருப்பவனுக்குச் சமைக்கத் தோன்றாது என்று குர்ட் ஒரு தட்டு நிறைய சாசேஜும் கொண்டுவந்து வைத்தான். ஆர்லோ அதைத் தொடவில்லை.

புது டை வந்து சேர்ந்தது. சுடும் மைதானத்தில் யாரோ விட்டுப்போன கூடுகளைப் பொறுக்கி வந்து அதில் விட்டு எடுத்தான். தங்கம்போல மின்னின. ஒரு கோடு இல்லை. அன்றுதான் ஆர்லோ நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் காலை கோரின் வந்து நின்றாள். மேஜையிலிருந்து ஒரு கூட்டை எடுத்து நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"ரொம்ப சுத்தமா இருக்கே?"

"ஆமா மேடம். டையை நான் எப்பவும் தொடச்சுதான் வைப்பேன்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

கோரின் பெருமூச்சு விட்டாள். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே, மான் விழுந்த இடத்தில் கிடைத்த கூடு. வழவழவென்று கண்ணாடிபோல இருந்தது.

"சாசேஜ் கதையைச் சொல்லி ஊரே உங்களைத்தான் கை காட்டுது. ஆனா உங்க கூட்டுல கோடு விழும்னும் அவங்கதான் சொல்றாங்க. இதுல கோடு இல்ல. அப்ப நீங்க இல்லதானே? அதைக் கண்ணால பாத்துட்டு உங்களை விட்டுடலாம்னு வந்தேன். கோடு போடற அந்த டை, இல்லேன்னா கோடு விழுந்த கூடு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. போதும்."

ஆர்லோவுக்கு ஏரி நினைவுக்கு வந்தது. மான் செத்த விடியற்காலையில் அவன் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அதற்குச் சாட்சி அந்தப் போர்வை மட்டும்தான்.

"கோடு இருந்துச்சுன்னு சொன்னாங்களே மேடம்..." என்று இழுத்தான்.

"யாரு சொன்னது? இந்தக் கூட்டை நான் இன்னும் யார்கிட்டயும் காட்டவே இல்லையே."

ஆர்லோ ஜன்னல் வழியே பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் குர்ட் கறியைப் புகையில் வாட்டும் கூண்டுக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் கொத்துக் கொத்தாக சாசேஜ் தொங்கியது. இவனைப் பார்த்ததும் அன்பாகக் கையாட்டினான்.

நாளைக்கு வருவதாகவும் அதுவரை ஊரைவிட்டுப் போகவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுக் கோரின் வண்டி ஏறினாள். அந்தச் சத்தம் அடங்குமுன் ஆர்லோ கைபேசியை எடுத்தான்.

"என் பேர் ஆர்லோ டட்டில். ஸ்டில்சன் க்ரீக்லருந்து, மறுபடியும் நான்தான். இதை யார் கேட்டாலும் சரி, நான் அனுப்பின அந்தப் பழைய டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, இன்னைக்கே திருப்பி அனுப்புங்க. உள்ள இருந்த கோட்டைத் தேச்சு எடுத்திருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு அதே எடத்துல மறுபடி கீறி அனுப்புங்க."